சாகுபடி செய்பவர் பெயர்

டீம் லீடாகப் பதவி உயர்வு வந்திருக்கிறது என்று நான் சொன்னபோது அம்மா கொல்லையில் மடவை மீன் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல முயன்றேன். ஏழு பேர் எனக்குக் கீழே இருப்பார்கள். யார் எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று நான் பிரித்துக் கொடுப்பேன். செய்ததைச் சரிபார்ப்பேன். சென்னை ஆபீசுக்குப் பதில் சொல்வேன். அம்மா செதில் ஒட்டிய கையோடு நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப நீ செய்ய மாட்டியா?"

"செய்ய வைப்பேம்மா."

"நாங்க நடவு நடயில வரப்புல குடைய புடிச்சிக்கிட்டு ஒரு ஆளு நிப்பாரே, அந்த வேலயா?"

வாசலில் அப்பா சிரிப்பது கேட்டது. நானும் சிரித்து வைத்தேன். அம்மா பதினாறு வயதில் நடவுக்கு இறங்கியவர். பண்ணை ஏஜெண்டு ஒருவர் குடையோடு வரப்பில் நின்று, "பேச்ச கொறச்சி கைய ஓட்டுங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். நான் படித்து, தேர்வெழுதி, சென்னையில் ஐ.டி. கம்பெனியில் நான்கு வருடம் கோடு எழுதி, தஞ்சாவூரில் கிளை திறந்ததும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, கடைசியில் ஏறி நின்ற இடம் அந்த வரப்புதானா? மறுநாள் விடியற்காலை மன்னார்குடி வழியாகத் தஞ்சாவூர் போகும் பஸ்ஸிலும் அந்தக் கேள்வி என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அம்மா சொன்னதில் உண்மை இருந்தது. சில மாதங்களில் நானாக ஒரு வரி கோடு எழுதாத வாரங்கள் வர ஆரம்பித்தன. வேலையைப் பிரிப்பேன், எத்தனை நாளாகும் என்று கேட்பேன், ஆகாதபோது ஏன் என்று கேட்பேன். மாலையில் இன்று என்ன செய்தேன் என்று யோசித்தால், காட்டுவதற்குக் கையில் சேறு இருக்காது. அந்தக் கூச்சத்தாலோ என்னவோ, நான் கண்டிப்பான ஆளாகிப் போனேன். "டிக்கெட்டில் ஏறாத வேலை வேலையே இல்லை" என்று போர்டில் எழுதி வைத்தேன். ஒவ்வொரு வேலைக்கும் கம்ப்யூட்டரில் போடும் பதிவுக்குத்தான் டிக்கெட் என்று பெயர். என் குழுவிலேயே நன்றாக வேலை தெரிந்தவர் பாபநாசத்திலிருந்து தினமும் ரயிலில் வரும் ஓர் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இரண்டு பிள்ளைகளை வளர்த்துவிட்டு மறுபடி வேலைக்கு வந்தவர். போர்டைப் படித்துவிட்டு அவர்தான் கேட்டார்.

"மேடம், நான் டீ குடிக்கப் போறேன். டிக்கெட் போடட்டுமா, வந்து போடட்டுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் போர்டை அழிக்கவில்லை. எனக்கு அது வெறும் ஆபீஸ் விதி இல்லை. எழுத்து என்னை ஒரு தடவைகூடக் கைவிட்டதில்லை. பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த மடிக்கணினியில்தான் என் முதல் புரோகிராமை எழுதினேன். மூடியில் முதலமைச்சர் படம் இருந்தது. ஆட்சி மாறியதும் அதன்மேல் கல்லூரி ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டேன். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் என் கல்லூரிக் கட்டணத்தைக் குறைத்தது. உதவித்தொகை, பஸ் பாஸ், விடுதி எல்லாமே ஏதோ ஒரு தாளில் என் பெயர் ஏறியதால் வந்தவை.

அந்தத் தாள்கள் எல்லாவற்றிலும் எனக்குப் பிடிக்காத கட்டம் ஒன்று உண்டு. தந்தையின் தொழில். அதில் எப்போதும் 'கூலி' என்றுதான் இருக்கும். அப்பா அப்போது கூலி இல்லை. மன்னார்குடியில் இருந்த ஒரு பெரியவரின் ஒன்பது மா நிலத்தை, அதாவது மூன்று ஏக்கரை, நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த நாளிலிருந்து குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தார். பனையடித் தாக்கு என்று அதற்குப் பெயர். பனை எப்போதோ விழுந்துவிட்டது. பதினேழு வயதில் சான்றிதழை நீட்டி அப்பாவிடம் கேட்டேன்.

"குத்தகை விவசாயின்னு எழுதச் சொன்னா என்னப்பா?"

"வேணாம் பாப்பா. கூலின்னே இருக்கட்டும்."

"பொய்தானே அது?"

"ஐயா காதுக்குப் போனா வேற மாதிரி ஆயிடும். இருக்கட்டும் விடு."

எங்கள் பக்கத்தில் குத்தகை பேச்சோடு சரி. உழுகிறவரின் பெயர் அரசாங்கப் பதிவில் ஏறிவிட்டால் அவரை லேசில் வெளியேற்ற முடியாது என்று சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்துக்குப் பயந்தே நிலம் வைத்திருப்பவர்கள் எழுத்தில் எதையும் கொடுக்க மாட்டார்கள். பெயரைப் பதியச் சொல்லி யாராவது கேட்டால் அடுத்த போகத்துக்கு வேறு ஆளைப் பார்த்துவிடுவார்கள். தாத்தா காலத்தில் கொடி பிடித்துக் கேட்டிருக்கிறார்கள், அடிபட்டிருக்கிறார்கள். எங்கள் தெருவுக்கு மனைப்பட்டா வந்தது அப்படித்தான். ஆனால் வயல் வரவில்லை. அப்பா கேட்காமலே இருந்தார். கேட்காமல் இருந்ததால்தான் அத்தனை வருடம் உழுதார். இதெல்லாம் எனக்குத் தெரியாதது இல்லை. தெரிந்தும், இது பழைய ஆட்களின் பயம் என்று நினைத்தேன்.

சொந்தமாக ஏதாவது செய்ய வேண்டும் என்ற அரிப்பு வந்தபோது எனக்கு முன்னால் இருந்தது தண்ணீர்தான். எங்கள் ஊர் கடைமடை. ஆற்றில் தண்ணீர் குறைந்த வருடங்களில் முறை வைத்து விடுவார்கள். எங்கள் வாய்க்காலுக்கு முறை வரும்போது மதகைத் திறக்கும் லஸ்கர் யாரிடமாவது போனில் சொல்வார். அவர் இன்னொருவரிடம் சொல்வார். மேல்வயல்காரர்களுக்கு முதலில் தெரியும். கடைசி வயலுக்குச் செய்தி வரும்போது சில சமயம் தண்ணீர் முடிந்திருக்கும். அப்பா ஒரே சம்பாவில் இரண்டு முறையைத் தவறவிட்டார். நாற்றாங்கால் வெடித்துக் கிடந்த வரப்பில் அவர் நின்ற நிலையைப் பார்த்த அன்றுதான் ஆரம்பித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில், வீட்டில் அம்மா கொண்டுவந்து வைக்கிற டீ ஆறிப்போக, ஓர் ஆப் எழுதினேன். லஸ்கர் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் வரும் என்று கணக்குப் போட்டு ஒவ்வொருவருக்கும் செய்தி போகும். வேலை வாங்குகிறவளாக இல்லாமல் வேலை செய்கிறவளாக இருந்த அந்தக் காலைகள்தான் எனக்கு வாரம் முழுதும் தெம்பு கொடுத்தன. அம்மா எட்டிப் பார்த்து, "இன்னிக்கி நீயே நடுறியா?" என்பார். ஆமாம் என்று சொல்வதில் எனக்கு அவ்வளவு பெருமை.

முதல் தடவை சொதப்பியது. வயல்களின் பட்டியலைப் பட்டாவிலிருந்து எடுத்திருந்தேன். பட்டா வைத்திருப்பவர்களுக்குச் செய்தி போனது. ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார், ஒருவர் சென்னையில். மன்னார்குடிப் பெரியவர் அப்பாவுக்குப் போன் போட்டுச் சிரித்தார். "என் வயலுக்குத் தண்ணி வருதாம்ப்பா. வேட்டிய மடிச்சிக் கட்டிக்கிட்டு நான் வரவா, நீ போறியா?" தவறு எங்கே என்று உடனே தெரிந்துவிட்டது. மண்வெட்டியோடு போகிறவருக்குத்தான் செய்தி போக வேண்டும். ஆப்பில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தேன். 'சாகுபடி செய்பவர் பெயர்'. அதைக் கட்டாயமாக்கினேன். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் வயலைச் சேமிக்கவே முடியாது.

திருத்தியதை ஊருக்குக் கொடுக்கும் முன் அக்காவிடம் ஒரு தடவை பார்க்கச் சொன்னேன். ஆபீஸ் வேலை இல்லை, உதவிதான். அவர் பார்த்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்தில் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். டிபன் பாக்ஸைத் திறந்தவர் சாப்பிடவில்லை.

"கோடு நல்லாருக்கு. பேரு எதுக்கும்மா?"

"யாருக்கு மெசேஜ் போகுதுன்னு தெரிய வேணாமாக்கா?"

"நம்பர் போதுமே. பேரு இல்லாட்டி தண்ணி வராதா?"

"தண்ணி வரலன்னு யாராவது சண்டைக்கு வந்தா? இந்த வயல் இவருதுன்னு எல்லாருக்கும் தெரியணும்."

"அதான் சொல்றேன். எல்லாருக்கும் எதுக்குத் தெரியணும்? லாகின்கூட இல்ல, யார் வேணா பாக்கலாம். எங்க மாமனார் வயல் இப்பிடி ஒரு லிஸ்ட்ல வந்துச்சுன்னா மறுநாளே ஆள மாத்திடுவாரு. தெரியுமா ஒனக்கு?"

எனக்குச் சுருக்கென்று இருந்தது. அவர் வீட்டில் நிலம் உண்டு, குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள் என்பது தெரியும். அவர் சொன்னதை நான் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டிய சொல்லாகக் கேட்கவில்லை. வரப்பில் குடை பிடித்து நிற்பவரின் வீட்டுக் குரலாகக் கேட்டேன்.

"உழுறவங்க பேர எழுதுனா உங்க வீட்ல ஏங்க்கா பயப்படுறாங்க?" என்றேன்.

அவர் "சரி மேடம்" என்று சொல்லிச் சாப்பிட ஆரம்பித்தார். அந்த 'மேடத்தில்' கேலி இல்லை.

லாகின் வேண்டாம் என்று வைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. ஊரில் வயதானவர்களுக்கு அது வராது. கட்டாயப் பெயருக்கும் ஒரு காரணம் சொன்னேன். ஆனால் உண்மையான காரணம் வேறு. ரேஷன் கார்டையும் வாக்காளர் அட்டையையும் தவிர என் அப்பாவின் பெயர் எந்தத் தாளிலும் அதற்குரிய இடத்தில் இருந்ததில்லை. பனையடித் தாக்கு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அந்தப் பெயரைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நான் எழுதிய ஒன்றில் பார்க்க வேண்டும்.

அப்பாவிடம் போனைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்ப்பா."

"சரி" என்றார். பிறகு, "நல்லாருக்கு" என்றார்.

அதை நான் பெருமை என்று எடுத்துக்கொண்டேன். இப்போது அந்த 'சரி'க்கும் அந்த 'நல்லாருக்கு'க்கும் நடுவே இருந்த இடைவெளியைத்தான் அடிக்கடி நினைக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து எட்டு நாள்கூட ஆகாத ஆளிடமும் நான் ஆபீசில், "ஏன் தயங்குறீங்க, சொல்லுங்க" என்று கேட்பேன். அப்பாவிடம் கேட்கவில்லை.

அந்தச் சம்பாவில் ஆப் நன்றாக வேலை செய்தது. கடைமடையில் ஒரு வயல்கூட முறையைத் தவறவிடவில்லை. அப்பா போன் கீச்சென்றதும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவார். டீக்கடையில், "ஒம் மவ தண்ணிய போன்லயே இழுத்துட்டு வந்துட்டா" என்று சொன்னார்களாம். அம்மா அதை எனக்கு மூன்று தடவை சொன்னார்.

பயிர் பால் பிடித்திருந்த சமயம், ஊரில் விவசாய சங்கச் செயலாளர் அந்தப் பட்டியலை அப்படியே பிரிண்ட் எடுத்தார். கட்சிக் கொடிக்கம்பங்களுக்கு நடுவே இருக்கும் டீக்கடைச் சுவரில் ஒன்றை ஒட்டினார். இன்னொன்றை மனுவோடு இணைத்துத் தாசில்தாரிடம் கொடுத்துவிட்டார். உண்மையில் உழுகிறவர்கள் இவர்கள்தான், இவர்கள் பெயரை அடங்கல் என்கிற சாகுபடிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று மனு. அவர் கெட்டவர் இல்லை. ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு பட்டியல், சுத்தமாக, சர்வே எண்ணோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் அவர் கைக்குக் கிடைத்தது. நான்தான் செய்து கொடுத்திருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியவர் அப்பாவை வரச்சொன்னார். நானும் போனேன். கோயில் தெப்பக்குளத்துக்குப் பின்னால் இருக்கும் வீடு. அவரும் கெட்டவர் இல்லை. நான் கல்லூரிக்குப் போனபோது எனக்குக் கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தவர். எங்களை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். அப்பா உட்காரவில்லை. அதனால் நானும் நின்றேன்.

"அறுவடை முடிஞ்சதும் வயல விட்டுருப்பா" என்றார்.

"நான் மனுவுல கையெழுத்துப் போடலைங்கய்யா."

"தெரியும். நீ கேக்க மாட்ட."

நான் குறுக்கே பேசினேன். "அய்யா, அது எங்கப்பா கேக்காம நானா செஞ்சது. இப்பவே அழிச்சிடறேன்."

"தாசில்தார் ஆபீசுல போயி அழிப்பியாம்மா?" அவர் குரல் உயரவில்லை. "எங்கப்பாரு செருப்பு தேயத் தேயக் கோர்ட்டுக்கு நடந்தாரு, இதே மாதிரி பதிவுல ஏறுன ஒரு குத்தகைக்காரன் பேருக்கு. அத நான் பாத்திருக்கேன். உங்கப்பன் கேக்க மாட்டான். அவனுக்குப் பின்னாடி நீ கேப்ப. கேக்கணும்னுதானே படிச்சிருக்க?"

அவர் சொன்னது சரி. நான் கேட்பேன்.

வெளியே வந்ததும் சங்கச் செயலாளருக்குப் போன் செய்தேன். "விடாதீங்கம்மா, பட்டியல் இருக்கு, சாட்சி இருக்கு, கேஸ் போடலாம்" என்றார். பஸ் ஸ்டாண்டு போகும் வழியெல்லாம் அப்பாவிடம் வாதாடினேன். சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்றேன். பயந்தால் எப்படி என்றேன். பஸ் ஏறி உட்கார்ந்ததும் அவர் சொன்னார்.

"பயமில்ல பாப்பா. பேச்சுல வாங்குனேன். அவரு பேச்சுல கேக்குறாரு. குடுக்கலன்னா இத்தன வருசமா நான் பேசுனது எல்லாம் பொய்யாயிடும்ல."

"அப்ப நம்மளுக்கு என்னப்பா இருக்கு?"

"ஒனக்கு வேல இருக்குல்ல" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அதைவிட வலிக்கும்படி அவர் எதையும் சொல்லியிருக்க முடியாது.

தையில் அறுத்தார்கள். நெல் நன்றாக விளைந்திருந்தது. கடைசிக் கட்டு வரப்பேறியதும் அப்பா வயலில் இறங்கி, எலி போட்ட வளைகளை மிதித்து அடைத்தார். இனி அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அம்மா கூப்பிட்டும் வரவில்லை. நான்கு பக்கத்து வரப்பையும் அடைத்துவிட்டுத்தான் ஏறினார். அதன்பின் மற்றவர்கள் வயலில் வேலைக்குப் போக ஆரம்பித்தார். என் சான்றிதழ்களில் இருந்த அந்தக் கட்டம் இப்போது பொய் இல்லை.

அக்காவிடம் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆனது. அவர் எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. நான்தான் பேச்சை எடுத்தேன்.

"அன்னிக்கி நீங்க உங்க மாமனாருக்காகப் பேசுறீங்கன்னு நெனச்சேங்க்கா."

"பாதி அதுதான்" என்றார். "மீதியக் கேட்டிருக்கலாம் நீ."

ஏழு பேரை நிர்வகிப்பது பற்றி நான் கற்றது ஒன்றுண்டு என்றால், அந்த மீதிப் பாதிதான். இப்போது யாராவது "இது தேவையா" என்று கேட்டால், அவர் யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்கும் என் கண்ணை மூடப் பழகுகிறேன். முழுதாக மூடவில்லை. அந்தக் கண் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். அதற்காக நான் வெட்கப்படப் போவதில்லை. போர்டில் எழுதியதை மட்டும் அழித்துவிட்டேன். அக்கா அதைப் பார்த்தார்.

ஆப்பையும் திருத்தினேன். பெயர்க் கட்டத்தை எடுத்துவிட்டு நம்பரை மட்டும் வைத்தேன். பத்து நிமிட வேலை. அக்காதான் சரிபார்த்தார். முன்பே செய்திருந்தால் தண்ணீர் இதே போலத்தான் வந்திருக்கும்.

அந்த வருடம் பனையடித் தாக்கைப் பெரியவர் யாருக்கும் விடவில்லை. தரிசாகக் கிடந்தது. முறை ஆரம்பித்த வாரம் நான் ஊருக்குப் போயிருந்தேன். அந்த வயலிலிருந்து அப்பாவின் நம்பரை எடுக்கப் போனபோது அவர் என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"என்ன பண்றே?"

"இனிமே ஒங்களுக்கு மெசேஜ் வராதுப்பா. எடுத்துடறேன்."

"எடுக்காத. இருக்கட்டும்."

"எதுக்குப்பா?"

"தரிசுல தண்ணி பாஞ்சா வீணாத்தானே போவும்? யாராவது போயி மடைய அடைக்கணும்ல."

மறுநாள் காலை அவர் போன் கீச்சென்றது. அப்பா கூலிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முதலில் வாய்க்கால் பக்கம் நடந்தார். கொஞ்ச தூரம் விட்டு நானும் போனேன். தண்ணீர் நுரையும் சருகுமாக வந்துகொண்டிருந்தது. அவர் நான்கு வெட்டு மண் எடுத்துப் பனையடித் தாக்கின் மடையில் போட்டு, காலால் மிதித்து, இன்னும் ஒரு வெட்டுப் போட்டார். தண்ணீர் ஒரு கணம் தேங்கிவிட்டு அடுத்த வயலுக்குப் போனது. அங்கே அது ஏறி, நாற்றின் அடியைத் தொடும்வரை மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். பிறகு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி என்னைக் கடந்து போனார்.